கிரேக்கத் தீவுகளுக்கிடையே கப்பல் பயணம்: தடம் தேர்வதிலிருந்து கரை இறங்குவதுவரை ஒரு முழுமையான வழிகாட்டி

கிரீஸுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் படம் பார்த்துத் தீவுகளைப் பொறுக்குகிறார்கள். நீலக் குவிமாடங்களுக்காக சாண்டோரினி, காற்றாலைகளுக்காக மிகோனோஸ், கப்பல் தரைதட்டிக் கிடக்கும் அந்தக் கடற்கரைக்காக ஜாகிந்தோஸ். விமான டிக்கெட்டும் விடுதியும் பதிவு செய்த பிறகு, மூன்றுக்கும் இடையே கப்பல் தேடத் தொடங்குகிறார்கள். முதல் இரண்டுக்கும் இடையே கோடையில் தினமும் கப்பல் உண்டு. மூன்றாவது, நாட்டின் மறுபுறத்தில் அயோனியன் கடலில் இருக்கிறது. ஏஜியன் தீவுகளிலிருந்து அங்கே கப்பல் கிடையாது. ஏதென்ஸுக்குத் திரும்பி, தரைவழியாகக் கில்லீனி துறைமுகம்வரை போய், அங்கிருந்து வேறு கப்பல் பிடிக்க வேண்டும். விடுமுறையில் ஒரு முழு நாள் அதிலேயே கரைந்துவிடும்.

ஆகவே, தடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். தீவு, விடுதி, விமானம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. தடத்தைப் பிடியுங்கள்

கிரேக்க ஃபெர்ரிகளை நம் ஊர் ரூட் பஸ்ஸாக நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு துறைமுகத்தில் கிளம்பி, வரிசையாக மூன்று நான்கு தீவுகளில் நின்று, ஆள் இறக்கி ஆள் ஏற்றி, கடைசித் தீவுவரை போய் அதே வழியில் திரும்பும். ஒரே தடத்தில் இருக்கும் தீவுகளுக்கிடையே போவது மிக எளிது. பரோஸிலிருந்து நக்ஸோஸுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. கோடையில் ஒரே நாளில் பல கப்பல்கள் ஓடும். தடம் மாறினால் கதை வேறு. பரோஸும் சிஃப்னோஸும் வரைபடத்தில் கூப்பிடு தூரத்தில் தெரியும். ஆனால் முன்னது நடுத்தடத்தில், பின்னது மேற்குத்தடத்தில். இடையே தினசரிக் கப்பல் இருக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது.

முதல்முறை போகிறவர்கள் நாடும் சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்தில் மூன்று தடங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். வடக்குத்தடம் ராஃபினா துறைமுகத்தில் தொடங்கி ஆண்ட்ரோஸ், டினோஸ், மிகோனோஸ் என்று போகும். நடுத்தடம் ஏதென்ஸின் பெரிய துறைமுகமான பிரேயஸில் தொடங்கி பரோஸ், நக்ஸோஸ் வழியாக, சில கப்பல்கள் இயோஸையும் தொட்டு, சாண்டோரினியில் முடியும். இந்தத் தடத்தின் சில கப்பல்கள் முதலில் சிரோஸில் நிற்கும். மேற்குத்தடமும் பிரேயஸிலிருந்துதான்: கித்னோஸ், செரிஃபோஸ், சிஃப்னோஸ், மிலோஸ். தடம் விட்டுத் தடம் தாவ வேண்டுமானால் பரோஸ், நக்ஸோஸ், சிரோஸ் ஆகியவைதான் சந்திப்புகள்.

மற்ற கூட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோட்ஸ், கோஸ், பட்மோஸ் அடங்கிய டோடகனீஸ் துருக்கிக் கரையை ஒட்டி இருக்கிறது. பிரேயஸிலிருந்து இரவுக் கப்பல், ரோட்ஸுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல். கிரீட்டின் ஹெராக்லியோனுக்கும் இரவுக் கப்பல்தான். சாயங்காலம் ஏறினால் விடியலில் இறங்கலாம். ஸ்கியாதோஸ், ஸ்கோபெலோஸ், அலோனிஸோஸ் ஆகியவற்றுக்கு வோலோஸ் துறைமுகம் வசதி. ஏதென்ஸில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் சரோனிக் தீவுகள்: ஏஜினாவுக்குச் சாதாரணக் கப்பலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மோட்டார் வாகனப் போக்குவரத்தே இல்லாமல் கழுதையும் கோவேறு கழுதையும் சாமான் சுமக்கும் ஹைட்ராவுக்கு வேகப்படகில் இரண்டு மணி நேரத்துக்குள்.

எத்தனை தீவு? பத்து நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். தீவு மாறும் நாள் பாதி செத்துவிடும். காலையில் அறையைக் காலி செய்து, மதியம்வரை பெட்டியோடு காப்பிக் கடையில் காத்திருந்து, கப்பல் ஏறி இறங்கி, அடுத்த அறையின் சாவி கைக்கு வரும்போது சூரியன் சாய்ந்திருக்கும்.

2. தொலைவிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் ஏதென்ஸில் இறங்கிப் படிப்படியாகத் தெற்கே போய் சாண்டோரினியில் முடிக்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். முதலில் ஏதென்ஸிலிருந்து சாண்டோரினிக்கு விமானத்திலோ கப்பலிலோ நேராகப் போய்விடுங்கள். பிறகு நக்ஸோஸ், பரோஸ் என்று பிரேயஸை நோக்கி வாருங்கள். காரணம் காற்று. கடைசி வாரத்தில் ஒரு கப்பல் ரத்தானால், பரோஸில் இருப்பவருக்கு ஏதென்ஸ் நான்கைந்து மணி நேரத் தொலைவு. சாண்டோரினியில் இருப்பவருக்கு எட்டு மணி நேரம்.

எந்த வழியில் போனாலும் நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருங்கள். இதில் மட்டும் பேரம் வேண்டாம். காலைக் கப்பலில் வந்து மாலை விமானத்தைப் பிடிக்கிற கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும்; கடல் அந்தக் காகிதத்தைப் படிப்பதில்லை.

3. பெரிய கப்பலா, வேகக் கப்பலா

இரண்டு வகைக் கப்பல்கள் ஓடுகின்றன. ஒன்று, கார், லாரி, மனிதர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு போகும் பெரிய சாதாரணக் கப்பல். நடுத்தடத்தில் ஓடும் புளூ ஸ்டார் டெலோஸ் நல்ல எடுத்துக்காட்டு: 2011-இல் தென்கொரியாவில் கட்டி முடிக்கப்பட்டது, 145 மீட்டர் நீளம், 2,400 பயணிகள் ஏறலாம். பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம். இன்னொன்று, இரட்டை உடல் கொண்ட வேகக் கப்பல். அதே தூரத்தை ஐந்து மணி நேரம் அளவில் முடித்துவிடும். கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. சாண்டோரினிக்குச் சாதாரணக் கப்பலில் ஏறத்தாழ 50 யூரோ என்றால் வேகக் கப்பலில் 80 யூரோவைத் தாண்டும். பருவத்துக்குப் பருவம் இது ஏறி இறங்கும்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேகக் கப்பல்களில் பெரும்பாலும் திறந்த மேல்தளம் கிடையாது. பஸ் போல வரிசையாக இருக்கைகள், உப்பு படிந்து மங்கிய கண்ணாடி, ஏசி. அலை எழும்பினால் குதிக்கும். வாந்திப் பையை ஊழியர்களே வரிசையாக நீட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். காற்று கூடினால் முதலில் நிறுத்தப்படுவதும் இவைதான். பெரிய கப்பலில் வெயிலும் காற்றுமாக மேல்தளத்தில் உட்கார்ந்து, தீவுகள் ஒவ்வொன்றாக அருகே வந்து விலகுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். தீவுப் பயணம் என்பதில் பாதி அதுதான் என்பது என் கட்சி. ஆனால் கைக்குழந்தையோடு போகிறவர்களும் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாதவர்களும், குறைந்த தூரத்துக்கு, காற்றில்லாத மாதத்தில், வேகக் கப்பலைத் தாராளமாக எடுக்கலாம்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. அதிகம் பேர் பேசுவதில்லை. நக்ஸோஸுக்கும் அமோர்கோஸுக்கும் இடையே இராக்லியா, ஸ்கினூஸா, கூஃபோனிஸியா, டொனூஸா என்று சின்னஞ்சிறு தீவுகள் இருக்கின்றன. அவற்றை இணைப்பது எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிடிஸ் என்ற சிறிய கப்பல். பெயரில் மட்டும்தான் எக்ஸ்பிரஸ். அமோர்கோஸில் விடியற்காலையில் கிளம்பி நக்ஸோஸ் வந்து, பிற்பகலில் திரும்பும். காய்கறிக் கூடை, சிமெண்ட் மூட்டை, பள்ளிப் பிள்ளைகள், மருத்துவரைப் பார்க்க வந்த பாட்டி எல்லாம் அதில்தான். வயிறு திடமானவர்கள் ஒருமுறையாவது போக வேண்டிய கப்பல்.

4. டிக்கெட்

ஃபெர்ரிஹாப்பர், ஃபெர்ரிஸ்கேனர் போன்ற தளங்களில் எல்லா நிறுவனங்களின் நேர அட்டவணையும் ஒரே இடத்தில் கிடைக்கும். புளூ ஸ்டார், சீஜெட்ஸ், மினோவன் லைன்ஸ் போன்ற நிறுவனங்களின் சொந்தத் தளங்களிலும் வாங்கலாம். கோடை அட்டவணை முழுமையாக வெளியாவது ஆண்டின் முதல் சில மாதங்களில்தான். ஜூலைப் பயணத்துக்கு நவம்பரில் தேடிவிட்டு, கப்பலே இல்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். சென்ற ஆண்டு அதே வாரத்தில் எந்தக் கப்பல்கள் ஓடின என்று பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

எப்போது வாங்குவது? மே, ஜூன், செப்டம்பரில் சாதாரண இருக்கைக்கு இரண்டொரு நாள் முன்பு வாங்கினாலும் பெரும்பாலும் கிடைக்கும். ஜூலை, ஆகஸ்டில் சில வாரங்கள் முன்பே வாங்குங்கள். இரவுக் கப்பலில் அறை வேண்டுமானாலும் கார் ஏற்ற வேண்டுமானாலும் இன்னும் முன்பே. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். அன்று மாதாவின் விண்ணேற்புத் திருநாள். நாடே விடுமுறையில் தீவுகளுக்குப் போகும். டினோஸ் தீவின் மாதா கோயிலுக்கு யாத்திரிகர்கள் குவிவார்கள். துறைமுகத்திலிருந்து கோயில்வரை மேட்டுச் சாலையில் முழங்காலிட்டு ஊர்ந்தே போகிறவர்களை அன்று பார்க்கலாம். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் டிக்கெட்டையும் அறையையும் பல மாதங்கள் முன்பே எடுத்துவிட வேண்டும்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயரை எழுதுங்கள்; பயணிகள் பட்டியல் துறைமுக அதிகாரிகளுக்குப் போகிறது. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகப் போட்டுப் பழகிய நமக்கு இங்கேதான் சிக்கல் வரும், ஆகவே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே நிரப்புங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் அதற்கும் டிக்கெட் போட வேண்டும். ஐந்திலிருந்து பத்து வயதுவரை பெரும்பாலும் பாதிக் கட்டணம்.

பெயர் விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. டிக்கெட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் சாண்டோரினி என்பது தீரா என்றும், கோர்ஃபூ என்பது கெர்கிரா என்றும், லெஸ்போஸ் என்பது மிடிலினி என்றும் இருக்கலாம். போரோஸ் என்று ஒரு தீவு சரோனிக் வளைகுடாவில் இருக்கிறது. அதே பெயரில் ஒரு துறைமுகம் அயோனியன் கடலின் கெஃபலோனியாவில் இருக்கிறது. ஒரே தீவில் இரண்டு மூன்று துறைமுகங்கள் இருப்பதும் சாதாரணம். அமோர்கோஸில் கடாபோலா, ஏஜியாலி என இரண்டு. இகாரியாவில் அகியோஸ் கிரிகோஸ், எவ்டிலோஸ் என இரண்டு, நடுவே மலைப்பாதை. விடுதி எந்தத் துறைமுகத்துக்கு அருகில் என்று பார்த்துவிட்டுக் கப்பலைத் தேர்வு செய்யுங்கள்.

இப்போது பெரும்பாலும் மின் டிக்கெட்தான். புறப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்து இணையத்தில் செக்கின் செய்து, கைப்பேசியில் வரும் குறியீட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். திரைப்பிடிப்பும் எடுத்து வைத்திருங்கள். கரைமேடையில் இணையம் மக்கர் செய்யும்.

இருக்கை வகையில் பெரிதாக யோசிக்க வேண்டாம். ஐந்து மணி நேரத்துக்குள் என்றால் எகானமி போதும். எண் போடாத சோஃபா, மேசை, மேல்தளப் பெஞ்சு எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். கூட்ட நாளில் உறுதியான இடம் வேண்டுமானால் சில யூரோ கூடுதலாகக் கொடுத்து எண்ணிட்ட சாய்விருக்கை எடுக்கலாம். இரவுக் கப்பலுக்கு அறை எடுங்கள். நாலு பேர் படுக்கும் அறையில் ஒரு படுக்கை மட்டும் வாங்கவும் முடியும். ஒரு இரவு விடுதிச் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டால் அது வீண் செலவில்லை.

5. துறைமுகத்துக்குப் போவது

ஏதென்ஸுக்கு மூன்று துறைமுகங்கள். பிரேயஸ் பெரியது. ராஃபினா கிழக்கே, விமான நிலையத்துக்கு மிக அருகில். லாவ்ரியோ தெற்கே, கியாவுக்கும் கித்னோஸுக்கும். மிகோனோஸ், டினோஸ் போகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வராமலேயே கேடெல் என்ற வெளியூர்ப் பஸ்ஸில் நேரே ராஃபினா போய்விடலாம்.

பிரேயஸுக்கு விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் நீலத்தடம் 2022 அக்டோபர் முதல் நேரடியாகப் போகிறது. ஒரு மணி நேரம் ஆகும். எக்ஸ்96 பஸ் இரவு பகலாக ஓடுகிறது. ஊர் நடுவிலிருந்து வருகிறவர்களுக்கு மொனாஸ்டிராகியில் பச்சைத்தடம் இருக்கிறது. அந்தத் தடத்தில் சுற்றுலாப் பயணிகளின் பைகளுக்காகவே ஒரு தனிக் கூட்டம் இருப்பதால் பணப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பெட்டியோடு ரயிலில் ஏறித் தடுமாறுகிற அந்த அரை நிமிடத்தைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள்.

பிரேயஸ் நிலையத்தில் இறங்கிவிட்டோம், வந்துசேர்ந்தோம் என்று நினைக்கக் கூடாது. துறைமுகம் ஒரு குதிரை லாடம் போல வளைந்து கிடக்கிறது. வாயில்கள் ஈ1, ஈ2 என்று எண்ணிடப்பட்டிருக்கின்றன. சைக்ளடீஸ் கப்பல்கள் வழக்கமாக ஈ6, ஈ7 பக்கம்; நிலையத்துக்கு எதிரேதான். ஹைட்ரா, ஏஜினா படகுகள் ஈ8. ஆனால் டோடகனீஸ் கப்பல்கள் நிற்கும் ஈ1 லாடத்தின் மறுமுனையில் இருக்கிறது. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் அரை மணி நேரம் போய்விடும். துறைமுகத்துக்குள்ளேயே அந்தப் பக்கத்துக்கு இலவசப் பஸ் ஓடுகிறது. அது கூட்டமாகவும் தாமதமாகவும் வரும் என்று வைத்துக்கொண்டு நேரம் ஒதுக்குங்கள். எந்த வாயில் என்பது டிக்கெட்டிலோ குறுஞ்செய்தியிலோ வரும். கிளம்பும் நாள் காலையில் மறுபடி சரிபாருங்கள்.

பிரேயஸில் ஒரு மணி நேரம் முன்பு இருப்பது நல்லது. தீவுகளில் அரை மணி நேரம் போதும்.

6. ஏறுவது

விமானப் பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு முதல்முறை ஏறுவது சற்று மிரட்சியாக இருக்கும். முனையக் கட்டடம், வரிசை, பெட்டிச் சோதனை எதுவும் இல்லை. கப்பலின் பின்புறம் அப்படியே திறந்து ஒரு பெரிய இரும்புச் சாய்தளமாகக் கரையில் இறங்கி நிற்கும். அதன் வழியாகத்தான் எல்லாமே. இடது பக்கம் தக்காளி லாரி பின்னோக்கி ஏறிக்கொண்டிருக்கும். வலது பக்கம் ஆட்களும் பெட்டிகளும். நடுவில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இரண்டு கையாலும் சைகை காட்டிக் கத்திக்கொண்டிருப்பார். கோபமில்லை, அதுதான் அவர் வேலை. சாய்தளத்தின் தொடக்கத்தில் டிக்கெட்டை நீட்டினால் கருவியால் தட்டிவிட்டு உள்ளே விடுவார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

உள்ளே நுழைந்ததும் வாகனத்தளம். டீசல் வாடை, ஈரத் தரை. சுவரோரம் இரும்புத் தட்டுகள் இருக்கும். அவற்றின் மேல் தீவின் பெயர் எழுதியிருக்கும். உங்கள் தீவின் தட்டில் பெரிய பெட்டியை வைத்துவிடுங்கள். ரசீது கிடையாது, காவல் கிடையாது. பாஸ்போர்ட், பணம், மருந்து, கணினி எல்லாம் தோள்பையில் மேலே உங்களோடு வர வேண்டும். பெட்டியின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியோ கயிறோ கட்டி வைப்பது நல்லது, ஏனென்றால் எட்டு மணி நேரம் கழித்து அந்த இருட்டில் நூறு கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே உங்களுடையதைத் தேட வேண்டியிருக்கும். எடை போடுவதில்லை, ஆனால் படிக்கட்டும் கல்பாவிய சந்தும் தீவில் காத்திருப்பதால் உங்கள் கையே எடை போடும்.

வாகனத்தளத்திலிருந்து மேலே போக நகரும் படிக்கட்டு இருக்கும். மேலே போனதும் வரவேற்பு மேசை. எண்ணிட்ட இருக்கை எங்கே என்று அங்கே கேட்கலாம். மேல்தளத்தில் உட்கார நினைத்தால் முதலில் ஏறிவிடுங்கள். நிழலும் காற்று மறைப்பும் உள்ள பெஞ்சுகள் முதலில் நிரம்பும். புகைபிடிப்பவர்களும் அங்கேதான் கூடுவார்கள்.

7. கப்பலில்

சாப்பாடு பரவாயில்லை ரகம், விலை கரையைவிடக் கொஞ்சம் கூடுதல். சைவர்களுக்குக் கீரை வைத்த ஸ்பானகோபிட்டா, பாலாடைக்கட்டி வைத்த டிரோபிட்டா இரண்டும் எப்போதும் கிடைக்கும். முட்டையும் தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். பாலாடைக்கட்டிப் பூரணத்தில் பெரும்பாலும் முட்டை இருக்கும். ஏறும் முன் துறைமுகத்து அடுமனையில் எள் தூவிய குலூரி வளையமும் பழமும் வாங்கிக்கொண்டால் மலிவு. குளிர்ந்த ஃப்ரெட்டோ எஸ்பிரெஸோவைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் உறிஞ்சுவது உள்ளூர்க்காரர்களின் வழக்கம்.

குமட்டல் வருகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்துக்கு நெருக்கமாக உட்காருங்கள். முனைகளில் ஆட்டம் அதிகம். கைப்பேசியை மூடிவிட்டு அடிவானத்தைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவதானால் கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட்டாக வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு அது வேலை செய்யாது. வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிடுவதும் ஆகாது.

8. இறங்குவது

கப்பல் பயணத்தில் மிகக் குறைந்த நேரத்தில் நடக்கிற வேலை இதுதான், தவறவிட அதிக வாய்ப்புள்ளதும் இதுதான். இடைத்தீவுகளில் கப்பல் சில நிமிடங்களே நிற்கும். கரை சேர 15 நிமிடம் இருக்கும்போது கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வரும். அப்போதே எழுந்து வாகனத்தளத்துக்கு இறங்குங்கள். கூட்டத்தோடு போகலாம் என்று அப்படியே பின்தொடரக் கூடாது. அது முந்தைய தீவாக இருக்கலாம். அறிவிப்பில் உங்கள் தீவின் பெயர் காதில் விழுந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கப்பல் தாமதமாக ஓடினால் கைக்கடிகாரத்தை நம்பி இறங்குகிறவர்கள்தான் ஏமாறுவார்கள்.

கீழே பெட்டியை எடுத்துக்கொண்டு நிற்கும்போது காலடியில் எஞ்சின் அதிரும். கப்பல் துறைமுகத்துக்குள் திரும்பி, நங்கூரத்தைப் போட்டு, பின்புறமாகக் கரையை நெருங்கும். கப்பல் நகர்ந்துகொண்டிருக்கும்போதே சாய்தளம் மெல்லக் கீழே சரியத் தொடங்கும். முதலில் ஒரு கீற்று வெளிச்சம், பிறகு வானம், பிறகு ஊரின் வெள்ளை வீடுகள். நக்ஸோஸ் என்றால் கீழே இறங்குவதற்கு முன் மேல்தளத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்: துறைமுக வாயிலில், கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்கப்படாமல் போன அப்பல்லோ கோயிலின் பளிங்கு வாசல் தனியாக நிற்கும்.

சாண்டோரினியில் ஃபெர்ரிகள் நிற்பது அதினியோஸ் துறைமுகத்தில், செங்குத்தான எரிமலைச் சுவரின் அடியில். அங்கே தங்க இடமில்லை. நெளிந்து ஏறும் சாலையில் பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்துத்தான் தீவின் முக்கிய ஊரான ஃபீரா போக வேண்டும். கப்பல் வரும் நேரத்துக்கு கேடெல் பஸ்கள் நிற்கும். இறங்கியவுடன் அதற்கே நடங்கள், புகைப்படம் பிறகு. இந்த ஏற்றத்தைக் கோடையில் போக்குவரத்து அடைத்துக்கொள்ளும், ஆகவே திரும்பும்போது ஃபீராவிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிடுங்கள். கேபிள் காரும் படிக்கட்டும் உள்ள பழைய துறைமுகம் உல்லாசக் கப்பல்களுக்கானது. மிகோனோஸிலும் ஃபெர்ரிகள் ஊருக்கு வெளியே தூர்லோஸில் நிற்கும்; ஊருக்குள் போகச் சிறு படகும் பஸ்ஸும் உண்டு.

9. காற்றும் வேலைநிறுத்தமும்

ஏஜியனில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கும். வானம் துடைத்துவிட்ட நீலம், மேகமே இருக்காது, வெயில் காயும், ஆனால் கடல் கொந்தளிக்கும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அடித்துவிட்டு ஓயும். கரையில் நிற்பவருக்கு, இவ்வளவு நல்ல நாளில் ஏன் கப்பலை நிறுத்திவிட்டார்கள் என்று ஆத்திரம் வரும்.

நிறுத்துவது கப்பல் நிறுவனம் இல்லை, கடலோரக் காவல்படை. பொதுவாகப் பெரிய கப்பல்களுக்கு 8 பியூஃபோர்ட் காற்றில் தடை வரும்; அதாவது மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல். வேகக் கப்பல்களுக்கு 6 அல்லது 7-லேயே வந்துவிடும். கப்பலின் அளவையும் கடற்பகுதியையும் பொறுத்து இது மாறும். இந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல முடியாது. 2000 செப்டம்பர் 26 இரவு எக்ஸ்பிரஸ் ஸமீனா என்ற ஃபெர்ரி பரோஸ் துறைமுகத்துக்கு வெளியே போர்டெஸ் பாறையில் பலத்த காற்றில் மோதி மூழ்கியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

காற்றை முன்கூட்டியே பார்க்க விண்டி போன்ற செயலிகள் போதும். கப்பல் எங்கே வருகிறது என்பதை மரீன்டிராஃபிக்கில் பார்க்கலாம். சிரோஸ் தீவில் உள்ள ஏஜியன் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்வித் திட்டமாகத் தொடங்கியதுதான் இன்று உலகம் முழுக்கப் பயன்படும் அந்தத் தளம். துறைமுகக் காப்பிக் கடையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டால், உங்கள் கப்பல் இன்னும் முந்தைய தீவில்தான் நிற்கிறது என்பது அறிவிப்புக்கு முன்பே தெரிந்துவிடும்.

கப்பல் ரத்தானால் பதற வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிமுறைப்படி, கப்பல் ரத்தானாலோ 90 நிமிடத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பினாலோ, பணத்தைத் திரும்பப் பெறுவது, வேறு கப்பலில் போவது இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்வு செய்யலாம். வானிலை காரணம் என்றால் இழப்பீடும் இலவச விடுதியும் கேட்க முடியாது. நிறுவனத்தின் தவறு என்றால் கேட்கலாம். நடைமுறையில் செய்ய வேண்டியது: செய்தி வந்ததும் கரையோரத்து முகவர் அலுவலகத்துக்கு ஓடி அடுத்த பெரிய கப்பலில் இடம் பிடிப்பது. தடை நீங்கியதும் முதலில் கிளம்புவது அதுதான். விடுதிக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். தீவு விடுதிக்காரர்கள் காற்றோடு வாழ்கிறவர்கள். பெரும்பாலும் இன்னொரு இரவு தங்க வழி செய்வார்கள்.

மாலுமிகளின் வேலைநிறுத்தமும் வரும். வழக்கமாக 24 மணி நேரம், சில நாள் முன்பே அறிவிப்பார்கள். மே 1 அன்று கப்பல் ஓடாது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

10. மிச்சம் மீதி

வாடகைக் காரைக் கப்பலில் ஏற்றப் பெரும்பாலான நிறுவனங்கள் எழுத்துமூல அனுமதி கேட்கும்; காப்பீடு கடலில் செல்லாது என்பார்கள். ஒவ்வொரு தீவிலும் புதிதாக வாடகைக்கு எடுப்பதே மலிவு. இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

கோஸிலிருந்து போட்ரூமுக்கும், சாமோஸிலிருந்து குஷாடசிக்கும், ரோட்ஸிலிருந்து மார்மரிஸுக்கும் படகு ஓடுகிறது. எட்டிப் பார்த்தால் துருக்கி தெரிகிறதே, ஒரு நாள் போய்வரலாம் என்று ஆசை வரும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். துருக்கிக்குத் தனி விசா வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவுக்கானது என்றால், படகு ஏறிய கணத்தில் அது முடிந்துவிடும். திரும்பி கோஸில் இறங்க விடமாட்டார்கள். பலமுறை நுழைவு என்று விசாவில் இருந்தால் மட்டுமே இந்த ஆசை.

கடைசியாக, பிரேயஸுக்குத் திரும்பும் கப்பல். சாண்டோரினியிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பெரிய கப்பல் பிரேயஸ் சேர இரவு 11-ஐத் தாண்டும், தாமதமானால் நள்ளிரவு. மெட்ரோ வார நாள்களில் நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும். அந்த நேரத்தில் சாய்தளத்தின் முன் காத்திருக்கும் டாக்ஸிகளில் சில, மீட்டர் போடாமல் மொத்த விலை சொல்லும். கூட்டத்தைத் தாண்டி வெளிச்சாலைக்கு நடந்து செயலியில் டாக்ஸி அழைக்கலாம். விமான நிலையமே போக வேண்டுமானால் கராயிஸ்காகி சதுக்கத்தில் எக்ஸ்96 நிற்கும், விடிய விடிய. அல்லது அன்றிரவுக்கு பிரேயஸிலேயே துறைமுகத்தை ஒட்டி ஓர் அறை எடுத்துவிடுங்கள். ஊர் அழகில்லை, ஆனால் காலையில் நீலத்தடம் வாசலிலேயே இருக்கும்.